டின் சாடின்ல சத்து இருக்கா? எலும்ப தூக்கிப் போடாதீங்க

வாசகர் கேள்வி, 2024 நவம்பர் 11

வீட்ல வாரத்துக்கு ரெண்டு தடவ சாடின் (தக்காளி சாஸ்ல போட்டு டின்ல அடச்ச மத்தி வக மீன்) பெரட்டல்தான். வேல முடிஞ்சி வந்து வேற என்னத்த சமைக்கிறது. என் நாத்தனார் சொல்றாங்க டின்ல அடச்சது செத்த சாப்பாடு, சூட்டுல சத்தெல்லாம் போயிருக்கும், மிச்சம் இருக்கறது தக்காளி சாஸும் உப்பும்தான், பிள்ளைங்களுக்குக் குடுக்காதன்னு. நெஜமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நவம்பர் 11, ராத்திரி

சத்தெல்லாம் போகாதும்மா. வைட்டமின் சி, பி1 மாதிரி சிலது சூட்டுல கொறையும், அது வீட்டுச் சட்டியில கொதிச்சாலும் கொறையத்தான் செய்யும். புரதம் எங்கயும் போகாது. கால்சியம், இரும்பு எல்லாம் தாதுப்பொருள், சூடு அத என்ன பண்ணும்? ஒமேகா-3 கொழுப்புக்கு எதிரி காத்துதான், சீல் பண்ண டின்னுக்குள்ள காத்து கிட்டத்தட்ட இல்ல, அதனால அதுவும் பெரும்பாலும் அப்படியே நிக்கும்.

அமெரிக்க விவசாயத் துறை உணவுப் பட்டியல்ல தக்காளி சாஸ்ல போட்ட பசிபிக் சாடினுக்கு (சாஸ் வடிச்சி, எலும்போட, 100 கிராமுக்கு) இருக்கற கணக்கு இது: புரதம் 21 கிராம் கிட்ட, கொழுப்பு 10 கிராம், கால்சியம் 240 மில்லிகிராம், இரும்பு 2.3 மில்லிகிராம், பி12 9 மைக்ரோகிராம், டி வைட்டமின் 4.8 மைக்ரோகிராம். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு பி12 தேவையே 2.4தான். இதையா செத்த சாப்பாடுன்னு சொல்றது?

நவம்பர் 12

நேத்து எழுதுன கணக்குல "எலும்போட"ன்னு ஒரு வார்த்த இருக்கு, அத யாரும் கவனிச்ச மாதிரி தெரியல, கீழ ரெண்டு பேரு "கால்சியமா, மீன்லயா"ன்னு கேட்டிருக்காங்க. முழு விஷயமே அந்த எலும்புலதான் இருக்கு. டின் டூனாவ எடுத்துக்கோங்க, அதுவும் மீன்தான், அதுவும் டின்தான், ஆனா வெறும் சத. 100 கிராமுக்கு கால்சியம் 20 மில்லிகிராம் கூட தேறாது. சாடின்ல 240. நடுவுல இருக்கற வித்தியாசம் பூரா எலும்பு. அதே அளவு கால்சியத்துக்கு ஒரு கிளாஸ் பால் குடிக்கணும், 200 மில்லி.

நம்ம வீடுகள்ல என்ன நடக்குது? டின்ன தொறந்து, மீன ரெண்டாப் பொளந்து, நடு முள்ள வெரலால உருவி, அத குப்பையில போட்டுட்டுதான் சட்டியிலயே போடுவோம். எங்கம்மா அப்படித்தான், அவங்க அம்மாவும் அப்படித்தான். பிள்ளைக்கு முள்ளு குத்திடக் கூடாதுன்னு பாசத்துல செய்யறது. ஆனா அந்த முள்ளு குத்தாது. ரெண்டு வெரல் நடுவுல வச்சி நசுக்குங்க, மாவாப் போயிடும்.

நவம்பர் 12, இன்னும் கொஞ்சம்

ஏன் மாவாப் போகுதுன்னா, நான் கல்யாணத்துக்கு முன்ன ஒரு மீன் டின் ஃபேக்டரியில லைன்ல வேல செஞ்சவ, பாத்தத சொல்றேன். ஐஸ் கட்டியா வர்ற மீன கரையவச்சி, தலையும் வாலும் வெட்டி குடல் எடுத்து, கழுவி, கையாலதான் டின்ல அடுக்குவோம், தல மாத்தி வால் மாத்தி. அப்பறம் நீராவியில ஒரு தடவ வேகும், வர்ற தண்ணிய டின்ன கவுத்து வடிப்பாங்க, அதுக்குமேலதான் சூடான சாஸ் ஊத்தி மூடி போட்டு மடிப்பு அடிக்கிறது. அந்த மூடுன டின்ன ரிட்டார்ட்டுக்குள்ள ஏத்துவாங்க. ரிட்டார்ட்னா ஆள் உள்ள நடந்து போற அளவு பெருசா ஒரு பிரஷர் குக்கர்னு நெனச்சிக்கோங்க. 116லேர்ந்து 121 டிகிரி வரைக்கும், பெரிய டின்னா இருந்தா ஒரு மணி நேரத்துக்கும் மேல. அந்தச் சூட்டுலயும் அழுத்தத்துலயும் எலும்ப கெட்டியா புடிச்சி வச்சிருக்கற கொலாஜன் கரஞ்சிடும், சுண்ணாம்பு மட்டும் நிக்கும், அதான் நசுக்குனா ஒடையுது.

அந்தச் சூடு எலும்புக்காக வைக்கறது இல்ல, பொட்டுலிசம்னு ஒரு விஷ நோய உண்டாக்கற கிருமி இருக்கு, காத்து இல்லாத எடத்துலதான் அது வளரும், அதோட வித்து சாதாரண கொதிநீர்ல சாகாது, அதுக்காகத்தான். எலும்பு மெத்துன்னு ஆகறது நமக்கு கெடச்ச லாபம்.

நவம்பர் 13

யாரோ "எலும்பு கால்சியம் உடம்புல ஒட்டாது, அப்படியே வெளிய போயிடும்"னு எழுதியிருக்காங்க. மெத்துன்னு இருக்கற சின்ன மீன் எலும்புல உள்ள கால்சியம் பால்ல உள்ளது அளவுக்கே உடம்புல சேருதுன்னு ஆராய்ச்சி பண்ணி பாத்திருக்காங்க. கூடவே அதே மீன்ல டி வைட்டமினும் இருக்கு, கால்சியத்த குடல் இழுக்கறதுக்கு அது வேணும். பால் ஒத்துக்காம வயிறு உப்பற ஆளுங்க நம்மள்ள எத்தன பேரு. அவங்களுக்கு இத விட லேசான வழி என்ன இருக்கு? நெத்திலிய தலையோட வறுத்துத் திங்கறது ஒண்ணு, டின் சாடின் ஒண்ணு.

எங்கம்மாவுக்கு எலும்புத் தேய்மானம்னு கிளினிக்ல சொன்னதுக்கு அப்பறம்தான் வீட்ல முள்ளு உருவறத நிறுத்துனேன். அவங்க மூஞ்ச சுளிச்சாங்க. அதனால மீன முழுசா கரண்டியால மசிச்சி, அவிச்ச உருளக்கெழங்கு, வெங்காயம், மிளகுத்தூள் சேத்து கட்லட்டா தட்டிக் குடுத்தேன், எங்க முள்ளு எங்க சதன்னு அவங்களுக்கே தெரியல. கறிபாப்ல (எண்ணெயில பொரிக்கிற சோமாசி மாதிரி பலகாரம்) வைக்கிற சாடின் உள்ளடமும் அப்படித்தான், மசிச்சிட்டா எல்லாம் ஒண்ணு.

நவம்பர் 15

உப்புதான் இதுல உண்மையான குற, நாத்தனார் சொன்னதுல அது மட்டும் சரி. அதே பட்டியல்ல சோடியம் 100 கிராமுக்கு 414 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 2000க்குள்ள இருக்கச் சொல்லுது. 155 கிராம் சின்ன டின்ன ஒரே ஆள் சாஸோட காலி பண்ணா நாள் கணக்குல மூணுல ஒரு பங்கு கிட்ட போயிடும். சில டின்ல இதவிட கூட, சிலதுல கொறச்சல், கடையில நிக்கும்போதே திருப்பிப் பாருங்க.

ஆனா அந்த மூணுல ஒரு பங்குக்கு மேல நாமதான் ஏத்தறோம். பெரட்டும்போது ஒரு தேக்கரண்டி உப்பு, பெலாச்சான் (எறா விழுது), சில வீட்ல கிச்சாப் (சோயா சாஸ்) வேற, மேல சிக்கன் கியூப் ஒண்ணு. சாஸ்லயே உப்பு இருக்கு! நான் சட்டியில உப்பே போடறது இல்ல. வெங்காயம் நெறய, பச்ச மிளகா, கருவேப்பில, கடைசியா லீமாவ் (எலுமிச்ச) ஒண்ணு புழிஞ்சா புளிப்பு உப்போட எடத்த பாத்துக்கும்.

சீனியும் போடறாங்க, மாவும் போடறாங்க. லேபிள்ல தக்காளி விழுதுக்கு முன்னாடி தண்ணி எழுதியிருந்தா, அடுத்து மாத்தப்பட்ட ஸ்டார்ச்சுன்னு இருந்தா, அந்தக் கெட்டிச் சாஸ் பாதி மாவு கெட்டிதான். இன்னொண்ணு, 425 கிராம்னு பெருசா போட்டு கீழ சின்ன எழுத்துல வடிச்ச எடை 235 கிராம்னு இருக்கும். நீங்க வாங்குன மீன் அந்த 235தான்.

நவம்பர் 15, மறுபடியும்

சாஸ கொட்டிடலாமான்னு ஒருத்தர். உப்பு கணக்குக்காகன்னா பாதிய கொறச்சிக்கலாம், முழுசா கொட்ட வேணாம். மீன்லேர்ந்து எறங்குன எண்ணெய் கொஞ்சம் அதுலதான் மெதக்குது. தக்காளியில இருக்கற லைக்கோப்பீன்ங்கற செவப்புச் சத்து, பச்சத் தக்காளியவிட வெந்த தக்காளியில, அதுவும் எண்ணெயோட சேந்தாதான் உடம்புல நல்லா ஏறும், இங்க ரெண்டும் ஒரே டின்ல.

இது சாஸ் டின்னுக்கு சொல்றது. எண்ணெயில போட்ட டின் வேற கணக்கு: மீனோட ஒமேகா-3 சுத்தி இருக்கற எண்ணெயோட கலந்துடும், அத வடிச்சி கொட்டுனா அதுவும் சேந்து போயிடும். அதனால எண்ணெய் டின்ன வாங்கி எண்ணெய கொட்டறதுக்கு, சாஸ் டின்னே வாங்குங்க.

நவம்பர் 17

தூத்துக்குடியிலேர்ந்து ஒரு அண்ணன் எழுதியிருக்காரு, "எங்க ஊர்ல பச்ச மத்தி கொட்டிக் கெடக்கு, டின்ன எதுக்கு தின்னணும்"னு. வேணாம்ணே, நீங்க பச்சையே தின்னுங்க. மத்தியும் சாடின் வக மீன்தான், கொழுப்பு ஏறுற பருவத்துல அதுல இருக்கற ஒமேகா-3க்கு கொறச்சல் கெடயாது, உப்பு சேக்கறது உங்க கையில. ஒண்ணே ஒண்ணு, குழம்புல வெந்த மத்தி முள்ள நீங்க துப்பிடுவீங்க, டின் மீன் முள்ள முழுங்கலாம். கால்சியம் வேணும்னா மத்திய புளி ஊத்தி குக்கர்ல நல்லா நேரம் விட்டு வேக வைங்க, முள்ளு கரயற வரைக்கும். கேரளாக்காரங்க அப்படி செய்வாங்க.

கனடாவுலேர்ந்து ஒரு யாழ்ப்பாணத்து அக்கா, அவங்க வீட்டு ரின் மீன் குழம்பப் பத்தி எழுதியிருக்காங்க, படிக்கும்போதே பசிக்குது. அக்கா, உங்க ஊர் டின் பெரும்பாலும் உப்புத்தண்ணியில போட்ட மக்கரல், அந்தத் தண்ணிய வடிச்சிட்டு ஒரு தடவ அலசுனீங்கன்னா உப்பு கணிசமா கொறயும். எலும்பு அதுலயும் மெத்துன்னுதான் இருக்கும், டின் ஜாக் மக்கரல்லயும் கால்சியம் 100 கிராமுக்கு 240 கிட்டதான் வருது, புரதம் 23. முள்ள எடுத்து வைக்காம குழம்புலயே விட்ருங்க.

நவம்பர் 18

பாதரசம் பத்தி மூணு பேரு. "மக்கரல்ல பாதரசம் ஜாஸ்தி, கர்ப்பிணிங்க தொடக் கூடாது"ன்னு சுத்தற செய்தி கிங் மக்கரலப் பத்தினது, பெரிய மீன், பெரிய மீன் சின்ன மீன தின்னு தின்னு சேத்துக்கும். டின்ல வர்றது சின்ன வக மக்கரல், சாடின் அதவிட சின்னது, கடல்ல மெதக்கற நுண்ணுயிர தின்னு கொஞ்ச வருஷத்துலயே வாழ்ந்து முடியற மீன், அதுல சேர நேரம் ஏது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்குப் போட்ட பட்டியல்ல சாடின் "சிறந்த தேர்வு" வரிசையில இருக்கு, அப்படிப்பட்ட மீன வாரம் ரெண்டு மூணு வேள சாப்பிடச் சொல்லுது.

நவம்பர் 19

எல்லாருக்கும் நல்லதுன்னு நான் சொல்லல, அதையும் எழுதிடறேன். என் மாமனாருக்கு கவுட். சாடின்ல பியூரின் ஜாஸ்தி, அது உடம்புல யூரிக் ஆசிடா மாறும், கால் கட்டவெரல் வீங்கி ராத்திரி பூரா உக்காந்திருப்பாரு. அவருக்கு வீட்ல சாடின் கெடயாது, கேட்டாலும் கெடயாது. கிட்னி சரியில்லாதவங்க, டயாலிசிஸ் போறவங்க, எலும்போட திங்கணும்னு நான் சொன்னத எடுத்துக்காதீங்க, எலும்புல கால்சியத்தோட பாஸ்பரசும் இருக்கு, அவங்களுக்கு அது ஆகாது. டாக்டர கேட்டுட்டு செய்ங்க. ரத்த அழுத்தம் உள்ளவங்க உப்பு பத்தி மேல எழுதுனத ரெண்டு தடவ படிங்க.

இதுக்கு நேர்மாறா, என் வீட்டுக்காரரு இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடறாரு. அந்த மாத்திரைய வருஷக் கணக்குல சாப்பிட்டா பி12 கொறயலாம், கால் மதமதப்பு வந்தா எல்லாரும் சக்கரதான் காரணம்னு நெனப்போம், பி12 கொறஞ்சும் வரும். டெஸ்ட் பண்ணிக்கணும். சாடின் மருந்து இல்ல, ஆனா அவரு தட்டுல அத நான் விருப்பத்தோடதான் வைக்கிறேன். சோறுதான் கொறைக்கணும். சாடின் பெரட்டல்னாலே ரெண்டு அகப்ப சோறு கூட எறங்கும், அந்தக் காரம் அப்படி.

நவம்பர் 22

"சாடின் சாப்ட்டா வாய் அரிக்குது, மூஞ்சி செவக்குது, அலர்ஜியா"ன்னு ஒரு தம்பி. மீன் அலர்ஜியா இருக்கலாம், டாக்டர்ட்ட காட்டு தம்பி. ஆனா மத்த நாள் எல்லாம் மீன் ஒத்துக்கிட்டு ஒரு டின்னுக்கு மட்டும் அப்படி ஆச்சுன்னா ஹிஸ்டமின்ங்கற பொருள் காரணமா இருக்கலாம். சாடின், மக்கரல் மாதிரி மீன புடிச்ச ஒடனே ஐஸ்ல போடலன்னா பாக்டீரியா அதுல ஹிஸ்டமின உண்டாக்கிடும், அது ரிட்டார்ட் சூட்டுலயும் அழியாது. அதனாலதான் கோடெக்ஸ்ங்கற உலக உணவுத் தர விதியில கிலோவுக்கு 200 மில்லிகிராம தாண்டக் கூடாதுன்னு வச்சிருக்காங்க. நாக்குல மிளகு சுருக்குன்னு குத்தற மாதிரி இருந்தா, சாஸ்ல மிளகே போடாத டின்னா இருந்தா, அதோட நிறுத்திடு. காசு போனா போகட்டும்.

டின் மீனோட தரம் டின்ல முடிவாகறது இல்ல, படகுலயே முடிவாயிடும். நாங்க லைன்ல மொதல்ல பாக்கறது மீன் வயிறுதான், வயிறு வெடிச்சி கொழகொழன்னு வந்தா அது ஐஸ் பாக்காத மீன். வீட்ல டின்ன தொறக்கும்போது நீங்களும் அதப் பாக்கலாம்: தோல் உரியாம, துண்டு முழுசா நிக்கணும், தொட்டா கூழாகக் கூடாது.

நவம்பர் 22, ராத்திரி

புழு கதைய யாராச்சும் கெளப்புவாங்கன்னு தெரியும். ஆமா, 2018ல இந்தோனேசியாவுல 27 பிராண்டு டின் மக்கரல்ல செத்த அனிசாகிஸ் புழு இருந்துச்சுன்னு அரசாங்கமே அறிவிச்சுது, நம்ம மலேசியாவுலயும் அதே வருஷம் எறக்குமதி சாடின் சிலத சுகாதார அமைச்சு கடையிலேர்ந்து எடுக்கச் சொன்னுச்சு. அது கடல் மீன் வயித்துல இயல்பா இருக்கற புழு. ரிட்டார்ட் சூட்டுல செத்துடும், செத்தது நோய் பரப்பாது, சில பேருக்கு அலர்ஜி வரலாம். ஆனா செத்த புழுவ திங்கறதுக்கு யாரும் காசு குடுக்கல, குடல ஒழுங்கா எடுக்காத வேல அது. கண்டுபுடிச்சா டின்ன வீசாம லேபிளோட ஃபோட்டோ எடுத்து மாவட்ட சுகாதார அலுவலகத்துல குடுங்க.

நவம்பர் 30

2024 நவம்பர் கடைசியில கிளந்தான், திரெங்கானு மாநில வெள்ளத்துல ஒரு லட்சம் பேருக்கு மேல துயர் துடைப்பு மையத்துல இருந்தாங்க. எங்க கோயில்ல சாமான் சேத்தாங்க, வழக்கம்போல அரிசி, எண்ணெய், சீனி, சாடின். குழுவுல ஒருத்தர் "எப்பப் பாரு சாடினே குடுக்கறோம், பாவம், வேற நல்லதா குடுப்போமே, மேகி பெட்டி வாங்கலாம்"னாரு. மேகிய விட சாடின் ஆயிரம் மடங்கு நல்லதுன்னு நான் அங்கயே சண்ட போட்டேன். கரண்டு இல்ல, ஃப்ரிட்ஜ் இல்ல, பச்சக் குழந்த வச்சிருக்கறவங்க, வயசானவங்க இருக்காங்க, அங்க ஒரு சின்ன டின் மூணு முட்ட அளவு புரதம் குடுக்குது, வேக வைக்கக்கூட வேணாம், அப்படியே தின்னலாம்.

ரப்பர் தோட்டத்துல நாங்க இருந்தப்ப இது கடைசி நேரத்துச் சாப்பாடு. மழ புடிச்சிக்கிட்டா பால் வெட்டு கெடயாது, சம்பளம் கொறஞ்சிடும், தோட்டத்துக் கடையில கடன் எழுதி வாங்குற டின் சாடின ஆறு பேருக்கு பிரிச்சி குடுப்பாங்க பாட்டி, அதுல தண்ணி ஊத்தி ஊத்தி குழம்பு. அதனாலதான் நம்ம ஆளுங்க மனசுல இது இல்லாதவன் சாப்பாடுன்னு பதிஞ்சி போச்சு, வசதி வந்ததும் விருந்தாளி முன்னால வைக்க வெக்கம். அந்தத் தண்ணிக் குழம்புதான் எங்கள வளத்துச்சு. அதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல.

டிசம்பர் 1

நிவாரண சாமான் பத்தி கேட்டவங்களுக்கு: வெள்ளத்துல முழுகுன டின்ன, நசுங்காம துரு பிடிக்காம இருந்தா, லேபிள உரிச்சிட்டு சோப்பு போட்டு கழுவி, குளோராக்ஸ் (ப்ளீச்) கலந்த தண்ணியில முக்கி எடுத்து காஞ்ச பிறகு தொறக்கலாம். உப்பியிருந்தா, கசிஞ்சா, மடிப்பு ஓரத்துல அடிபட்டிருந்தா தொறக்கவே கூடாது, மோந்து பாத்து முடிவு பண்றதெல்லாம் வேணாம், பொட்டுலிசத்துக்கு வாசன இருக்கணும்னு இல்ல.

டிசம்பர் 4

பிபிஏ (பிஸ்பீனால் ஏங்கற ரசாயனம்) பத்தி கேட்டீங்க. பல டின்னோட உள்பக்கம் பூசற எப்பாக்சி பூச்சுல அது இருக்கு, கொஞ்சம் உணவுல எறங்கும். ஐரோப்பிய உணவு பாதுகாப்பு அமைப்பு 2023ல பாதுகாப்பான அளவ முன்ன இருந்தத விட ரொம்ப கீழ எறக்குச்சு, அங்க உணவு டப்பாவுலேர்ந்து அத எடுக்கறாங்க. இத நான் லேசா எடுத்துக்கல. பிபிஏ இல்லன்னு எழுதுன டின் கெடச்சா அத வாங்கறேன், தெனமும் டின் சாப்பாடு வைக்கறது இல்ல, டின்னோட அடுப்புல வச்சி சுட வைக்கறத வீட்ல தடுத்துட்டேன். வாரத்துக்கு ரெண்டு தடவங்கறது எனக்கு சரியாப் படுது.

டிசம்பர் 5

மொதல்ல கேள்வி கேட்ட தங்கச்சி திரும்பி வந்து, பெரிய பையனுக்கு சரி, பத்து மாசக் குழந்தைக்கு குடுக்கலாமான்னு கேக்குது. ஒரு வயசுக்குள்ள வேணாம்மா, உப்புக்காகத்தான். அதுக்கு பச்ச கெம்போங் மீன (கானாங்கெளுத்தி) உப்பில்லாம அவிச்சி முள்ளு பாத்து குடு. பெரியவனுக்கு மசிச்சி ரொட்டியில வச்சி பள்ளிக்குக் குடுத்து விடு, முள்ளோட. தொறந்த டின்ன அப்படியே ஃப்ரிட்ஜுல வைக்காத, தக்காளி புளிப்பு தகரத்த அரிக்கும், கண்ணாடி டப்பாவுல மாத்தி வச்சி ரெண்டு நாளுக்குள்ள முடிச்சிடு. நாத்தனார் அடுத்த தடவ வரும்போது கட்லட் போடு, சாடின்னு முன்னாடியே சொல்லிட்டு போடு.